துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள்

(களியக்காவிளையில் மார்ச் 24-ந் தேதி மாலை நடைபெற்ற கூட்டத்தில் நமது முழுநேர ஊழியர் ஆற்றிய உரை.)



விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனவர்களும், அண்டி ஆபீசில் நாள் முழுதும் உட்கார்ந்து இடுப்பொடிந்தவர்களும், சந்தையில் சுமை இறக்கியவர்களும் வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களை அதிக நேரம் உட்கார வைக்க மாட்டேன். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சென்ற வாரம் தேநீர்க் கடையில் ஒரு வாலிபத் தோழர் கேட்டார்: “அண்ணே, அன்னியப் பட்டாளம் பாதுகாப்புப் பொறுப்பை உள்ளூர்ப் படைக்கு ஒப்படைக்கப் போவுதுன்னு டி.வி.யிலே அடிக்கடி சொல்லுதானுவ. நல்ல காரியம்தானே? அவனுவளுக்க நாட்டை அவனுவளே காக்கட்டும்னு விடுதானுவ. இதுலே என்ன தப்பு?”

நியாயமான கேள்வி. கேட்பதற்கு நல்ல காரியமாகத்தான் இருக்கிறது. அன்னியன் போகிறான், நம்மவன் காவலுக்கு வருகிறான் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? ஆனால் தோழர்களே, நம் ஊர்ப் பெயரிலேயே விளை இருக்கிறது. விளைக்குக் காவல் வைத்துப் பழகியவர்கள் நாம். காவல்காரன் உள்ளூர்க்காரன் என்பதால் மட்டும் விளை பிழைத்துவிடாது. அவனைக் காவலுக்கு வைத்தது யார்? அவனுக்குக் கூலி கொடுப்பது யார்? தேங்காய் களவு போனால் அவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? இதைத்தான் முதலில் கேட்போம். ஒரு தோப்புக்குக் கேட்கிற இந்தக் கேள்வியை ஒரு நாட்டுக்குக் கேட்க வேண்டாமா?

இன்று மார்ச் 24. 1990-ஆம் ஆண்டு இதே தேதியில்தான் இந்தியப் பட்டாளத்தின் கடைசிச் சிப்பாய்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர்கள் ஏறுவதற்கு முன் அந்த மண்ணில் ஒரு உள்ளூர்ப் படையை உண்டாக்கி, அதன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்தப் படை என்ன ஆயிற்று? அதில் இருந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? இதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் மண்ணில் நடந்தது

கடல் தாண்டுமுன் நம் ஊர்க் கதையைப் பார்ப்போம்.

திருவிதாங்கூர் ராஜ்யம் 1795-லும் 1805-லும் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. உங்களை நாங்கள் காக்கிறோம் என்றான் கம்பெனிக்காரன். காப்பதற்குக் கூலி எவ்வளவு? 1805 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்! அந்தக் காலத்து 8 லட்சம். உழுதவனும் பனையேறியும் கொடுத்த வரியிலிருந்துதான் அதுவும் போக வேண்டும்.

இந்தப் பாரம் தாங்காமல் 1808 முடிவில் கலகம் மூண்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம் கல்குளம் பகுதியின் தலக்குளத்தைச் சேர்ந்த வேலுத்தம்பி தளவாய். 1809 பிப்ரவரியில் கம்பெனிப் பட்டாளம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உள்ளே புகுந்தது. உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் விழுந்தன. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை விட்டார். அவர் உடலைக் கூடத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ராஜ்யத்தின் பழைய படையைச் சில நூறு பேர் தவிர மற்றப்படி கலைத்துவிட்டார்கள். சில வருஷங்கள் சென்றபின் ஒரு உள்ளூர்ப் படையைத் திரும்பக் கட்டினார்கள். 1830-ல் அதற்கு நாயர் பிரிகேட் என்று பெயர் வந்தது. சிப்பாய் உள்ளூர்க்காரன், அவனை நடத்துகிற அதிகாரி வெள்ளைக்காரன். கூலி கொடுப்பது ராஜாவின் கஜானா. ராஜாவைப் பிடித்திருப்பதோ கம்பெனியின் கை!

அந்த வழியில் வந்த சமஸ்தானப் பட்டாளம்தான் 1946 அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் கயிறு தொழிலாளர்கள் மீதும் விவசாயக் கூலிகள் மீதும் சுட்டது. திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் உத்தரவு. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயும் அங்கே வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சுட்டவன் பேசியதும் மலையாளம், செத்தவன் பேசியதும் மலையாளம்.

வெள்ளைக்காரன் போன பிறகு, 1954 ஆகஸ்டு 11-ல், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்ட நம் ஜனங்களைச் சுட்டதும் உள்ளூர்ப் போலீஸ்தான். ஆகவே உள்ளூர் என்ற வார்த்தையைக் கேட்டதும் மயங்கிவிடக் கூடாது என்பதை இந்தத் தாலுகாக்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை.

கடல் கடந்து போன பட்டாளம்

இப்போது இலங்கைக்கு வருவோம்.

1987 ஜூலை 29-ந் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. அந்த ஒப்பந்தத்தை அன்று இந்திய இடதுசாரிகளும் வரவேற்றார்கள். அதை நான் மறைக்க விரும்பவில்லை. சண்டை நிற்கும், தமிழ் மக்களுக்கு அதிகாரம் கிடைக்கும் என்று பலரும் நம்பினார்கள். யாழ்ப்பாணத்து ஜனங்களும் பட்டாளத்துக்கு மாலை போட்டு வரவேற்றார்கள்.

ஆனால் ஒப்பந்தத்தில் இருந்த கையெழுத்து இரண்டே இரண்டு. இரண்டும் சர்க்கார்களின் கையெழுத்து. எந்த ஜனங்களின் பெயரால் எல்லாம் நடந்ததோ, அந்த ஜனங்களின் கையெழுத்து அதில் இல்லை.

முதல் தகராறே காவல் பற்றித்தான் வந்தது. அந்த செப்டம்பரில் திலீபன் ஐந்து கோரிக்கைகளை வைத்து உண்ணாவிரதம் இருந்து, 26-ந் தேதி உயிர் விட்டார். அந்த ஐந்தில் என்ன இருந்தது? தமிழ்ப் பகுதிகளில் புதிதாகப் போலீஸ் நிலையங்கள் திறப்பதை நிறுத்த வேண்டும். சிங்கள ஊர்காவல் படைக்குக் கொடுத்த துப்பாக்கிகளைத் திரும்ப வாங்க வேண்டும். யார் காவல் நிற்பது என்ற கேள்வி முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே எழுந்துவிட்டது. அதற்கு ஒழுங்கான பதில் யாரிடமும் இல்லை.

அக்டோபர் 10-ந் தேதி இந்தியப் பட்டாளத்துக்கும் புலிகளுக்கும் யுத்தம் மூண்டது. அதே மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் பட்டாளம் புகுந்தபோது நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அமைதி காக்கப் போன படை ஊரடங்குச் சட்டம் போடுகிற படையாயிற்று. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. முகமூடி போட்ட ஒருவன் தலையாட்டினால் வரிசையில் நிற்கிற பையன் பிடிபடுவான்.

அழைப்பின் பேரில் போனதுதானே, அதை எப்படி ஆக்கிரமிப்பு என்று சொல்லலாம் என்று சிலர் கேட்பார்கள். கொழும்பு சர்க்கார் அழைத்தது உண்மை. ஆனால் சொந்தத் தெருவில் நடப்பதற்கு வேறு தேசத்துச் சிப்பாயிடம் கையைத் தூக்கிக் காட்ட வேண்டிய ஒரு தாய்க்கு, ஒப்பந்தத்தின் ஷரத்தைப் படித்துக் காட்டி என்ன பிரயோசனம்?

பிள்ளைபிடி

1988 நவம்பர் 19-ல் வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. வடக்கில் போட்டியே இல்லாமல் இடங்கள் நிரப்பப்பட்டன. ஈ.பி.ஆர்.எல்.எஃப். கட்சியின் வரதராஜப் பெருமாள் டிசம்பர் 10-ல் முதலமைச்சர் ஆனார். சபை வந்தது, மந்திரிகள் வந்தார்கள். ஆனால் கொழும்பு அந்தச் சபைக்குப் போலீஸ் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. காவலுக்கு இருந்தது இந்தியப் பட்டாளம் ஒன்றுதான்.

1989 ஜனவரியில் பிரேமதாசா ஜனாதிபதியானார். ஜூன் 1-ந் தேதி பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்: ஜூலை 29-க்குள் இந்தியப் பட்டாளம் வெளியேற வேண்டும். டில்லிக்கு நெருக்கடி. இருந்தால் அவமானம், போனால் தான் உண்டாக்கிய மாகாண சபை ஒரு நாள் கூட நிற்காது. இதற்கு என்ன வழி கண்டுபிடித்தார்கள்? உள்ளூர்ப் படை! முதலில் குடிமக்கள் தொண்டர் படை என்றார்கள். அதிலிருந்து தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்று முளைத்தது.

தோழர்களே, படை வேண்டுமென்றால் ஆள் வேண்டும். ஆள் எங்கே? இரண்டு வருஷ யுத்தத்தில் களைத்துப்போன ஜனங்கள். மாகாண சபையைத் தங்களுடையது என்று அவர்கள் நினைக்கவில்லை. தானாக வருகிறவர்கள் போதவில்லை. ஆகவே பிடித்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பையன், டியூஷன் முடிந்து சைக்கிளில் வருகிற பையன், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற பையன், சந்தைக்கு வந்த பையன் என்று பாராமல் இறக்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிடித்தவர்கள் ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈ.என்.டி.எல்.எஃப். முதலிய இயக்கத்தார். பயிற்சியும் துப்பாக்கியும் கொடுத்தது இந்தியப் பட்டாளம். ஊர் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் பிள்ளைபிடி. தாய்மார்கள் வளர்ந்த பிள்ளைகளை வீட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள். முகாம் வாசல்களில் போய் நின்று அழுதார்கள்.

இதையெல்லாம் அந்த மண்ணிலேயே இருந்து எழுதி வைத்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர். புலிகள், இந்தியப் பட்டாளம், மற்ற இயக்கங்கள் என்று யாரையும் விடாமல் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21-ல் தம் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மையை எழுதுகிறவருக்கு அங்கே எந்தக் காவலும் இல்லை.

பட்டாளம் கட்டங்கட்டமாக வாபஸ் ஆயிற்று. 1989 இறுதி மாதங்களில் அம்பாறையைக் காலி செய்தது. இந்தியச் சிப்பாய் லாரியேறிய கையோடு புலிகள் அந்தப் பிள்ளைகளின் முகாம்களைத் தாக்கினார்கள். முகாம்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு மட்டக்களப்பு, பிறகு வடக்கு. சண்டையில் செத்தவர்கள் உண்டு. துப்பாக்கியைக் கீழே போட்டுக் கையைத் தூக்கிய பின் கொல்லப்பட்டவர்களும் உண்டு. பிரேமதாசா சர்க்கார் இந்தியப் பட்டாளத்தையும் இந்தப் படையையும் எதிர்க்கப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது என்பதும் பின்னாளில் வெளிவந்தது. ஒரு சர்க்கார் பிடித்துக் கொடுத்த துப்பாக்கி ஒரு பக்கம். இன்னொரு சர்க்கார் ரகசியமாகக் கொடுத்த துப்பாக்கி மறுபக்கம். நடுவே பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்.

1990 மார்ச்சில் வரதராஜப் பெருமாள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். தப்பிய தொண்டர்களும் அவர்கள் குடும்பங்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலில் வந்தார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு இடமில்லை என்றாகி, ஒரிசாவின் மல்கான்கிரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கதி அது. இடம் கிடைக்காதவர்கள் கதியை நான் சொல்ல வேண்டுமா?

இரண்டு பேர் சொன்னது

நம் மாவட்டத்தில் பழவிளை, கோழிவிளை, பெருமாள்புரம் என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஜனங்களும் உங்களோடு கொத்து வேலைக்கும் பெயிண்ட் அடிக்கவும் வருகிறவர்கள்தான். சில வருஷங்களுக்கு முன் ரேஷன் விஷயமாக ஒரு முகாமுக்குப் போனபோது ஒரு வயதான தாயார் என்னிடம் பேசினார்.

“தம்பி, என்ர மூத்தவன் டியூசனுக்குப் போனவன். பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். ஒரு கிழமை கழிச்சு காம்ப் வாசலிலை கண்டனான். தலைமயிரை வெட்டி, அவனுக்குப் பெரிசான ஒரு உடுப்புப் போட்டிருந்தவை. ‘அம்மா, சாப்பாடு தருகினம், அழாதை’ எண்டான். பிறகு நான் அவனைக் காணேல்லை.”

யார் கொன்றார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “ஆர் சுட்டதெண்டு தெரியாது தம்பி. ஆர் குடுத்த துவக்கெண்டு மட்டும் தெரியும்.”

இரண்டாவது ஆள் நம் விளவங்கோடு தாலுகாக்காரர். பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்து, இப்போது கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கிறார். இலங்கைக்குப் போனபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. கூடப்போன சிநேகிதனை அங்கே கண்ணிவெடியில் பறிகொடுத்தவர். இந்தக் கூட்டத்துக்கு வரச் சொன்னேன், வரமாட்டேன் என்றார். ஆனால் சொன்னது இது: “அந்தப் பயலுவளுக்கு நான்தான் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் குடுத்தேன். தமிழு தெரிஞ்சவன்னு என்னய விட்டாங்க. தோளுலே வச்சு அடிச்சா விழுந்திருவான், அம்புட்டுச் சின்னப் பய. நாங்க கெளம்புத அன்னைக்கு ஒருத்தன் வந்து, ‘அண்ணை, நீங்கள் போனா நாங்கள் என்ன செய்யிறது?’ன்னு கேட்டான். நான் என்ன சொல்ல? எனக்கு ஆர்டர் கப்பல் ஏறணும்னு.”

தோழர்களே, இந்த இரண்டு பேரில் யார் மேல் எனக்குக் கோபம் வரும்? அந்தச் சிப்பாயும் கூலிக்காரன் மகன்தான். வேலை கிடைக்காமல்தான் பட்டாளத்தில் சேர்ந்தான். இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,200 பேர் அந்த மண்ணில் செத்தார்கள். அவர்கள் பெயர்களைக் கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர்களை 1990 மார்ச்சில் சென்னையில் வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. போகாததற்குக் காரணம் இருந்தது. ஆனாலும் அந்தச் சிப்பாய்க்குக் கல்லிலாவது பெயர் இருக்கிறது. அந்தப் பையனுக்கு அதுவும் இல்லை. புலிகளின் கணக்கில் அவன் துரோகி. கொழும்பின் கணக்கில் அவன் சட்டவிரோதப் படை. டில்லியின் கணக்கில் அவன் முடிந்துபோன விவகாரம். அவன் கணக்கு அவன் தாயிடம் மட்டும்தான் இருக்கிறது.

மஸ்டர் ரோல் பட்டாளம்

இலங்கையில் மட்டும்தான் இப்படி நடந்ததா? இல்லை.

வியட்நாமில் 1969-ல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஜெயிக்க முடியவில்லை என்று கண்டதும் ஜனாதிபதி நிக்சன், இனி யுத்தத்தைத் தென் வியட்நாம் படையே நடத்தும் என்று திட்டம் போட்டார். விமானம் கொடுத்தார்கள், டாங்கி கொடுத்தார்கள். 1973 மார்ச்சில் அமெரிக்கப் பட்டாளம் வெளியேறியது. 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் வீழ்ந்தது. அந்தப் படைக்கு ஆயுதம் குறைவா? இல்லை. எதற்காகச் சாகிறோம் என்பதற்கு அந்தச் சிப்பாயிடம் பதில் இல்லை.

ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் 2011 முதல் மாகாணம் மாகாணமாகப் பாதுகாப்பை ஆப்கான் படையிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் படைக்காக அமெரிக்கா கொட்டிய பணம் 8,000 கோடி டாலருக்கும் மேல். காகிதத்தில் மூன்று லட்சம் பேர். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்: மஸ்டர் ரோலில் பேர் இருக்கும், வேலைத்தளத்தில் ஆள் இருக்காது, கூலி மட்டும் போய்க்கொண்டிருக்கும். அங்கே பட்டாளமே அப்படி! இல்லாத சிப்பாய்களின் பெயரில் அதிகாரிகள் சம்பளம் எடுத்தார்கள். இராக்கிலும் இதே கதைதான். 2014-ல் அந்நாட்டுப் பிரதம மந்திரியே 50,000 பொய்ச் சிப்பாய்கள் பட்டியலில் இருந்ததாக ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஆப்கான் சிப்பாய் எல்லோரும் காகிதச் சிப்பாய் அல்ல. அந்த யுத்தத்தில் செத்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஏறத்தாழ 2,400. செத்த ஆப்கான் சிப்பாய்களும் போலீசாரும் அறுபதினாயிரத்துக்கும் மேல். பொறுப்பை ஒப்படைப்பது என்றால் என்ன பொருள் என்று இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். சாவைத்தான் ஒப்படைத்தார்கள். 2020 பிப்ரவரியில் டோஹாவில் அமெரிக்கா தாலிபான்களோடு ஒப்பந்தம் செய்தபோது ஆப்கான் சர்க்காரை மேஜைக்குக் கூடக் கூப்பிடவில்லை. 2021 ஆகஸ்டு 15-ல் காபூல் விழுந்தது. விமானத்தின் பின்னால் ஜனங்கள் ஓடியதை எல்லோரும் பார்த்தீர்கள்.

அமெரிக்காக்காரன் கதையை மட்டும் சொல்கிறாயே, சோவியத் கதை என்ன என்று யாராவது மனதுக்குள் நினைக்கலாம். நினைக்க வேண்டும். அதையும் சொல்கிறேன். 1979 டிசம்பரில் அதே ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் பட்டாளம் போயிற்று. பொறுப்பை உள்ளூர்ப் படைக்குக் கொடுத்துவிட்டு 1989 பிப்ரவரி 15-ல் வெளியேறியது. நஜிபுல்லா சர்க்கார் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தது. 1991 முடிவில் சோவியத் நாடே இல்லாமற் போயிற்று. எண்ணெயும் தானியமும் பணமும் நின்றன. 1992 ஏப்ரலில் அந்த சர்க்கார் விழுந்தது. நம்மவர் செய்தால் நியாயம், அடுத்தவர் செய்தால் அநியாயம் என்று தொழிலாளிகளிடம் பேச எனக்கு வாய் வராது. படியளப்பவன் வெளியே இருந்தால், படி நிற்கிற அன்று காவலும் நிற்கும். கொடி எந்த நிறமாக இருந்தாலும் இது மாறாது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

நான் சங்க வேலை பார்த்த ஒரு மில்லில் கதவடைப்பு நடந்தது. முதலாளி பக்கத்துக் கிராமத்துப் பையன்கள் முப்பது பேருக்குக் காக்கிச் சட்டை மாட்டி வாசலில் நிறுத்தினார். எல்லோரும் தொழிலாளிகளின் மச்சினன், மருமகன் முறைக்காரர்கள். ஆறு மாதம் உறவு முறிந்து, கல்யாண வீட்டில் கூட முகம் பாராமல் இருந்தார்கள். பிறகு முதலாளி மில்லை விற்றுவிட்டுப் போனார். பையன்களுக்குக் கடைசி இரண்டு மாதச் சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை. ஊரிலும் தலைகாட்ட முடியவில்லை. அவர்களும் கடைசியில் நம் சங்கத்துக்குத்தான் வந்தார்கள். நாங்கள் விரட்டவில்லை. நான் சொன்ன நாட்டுக் கதைகளெல்லாம் அந்த மில் வாசல் கதைதான். அங்கே வேலை போயிற்று, இங்கே உயிர் போயிற்று; அதுதான் வித்தியாசம்.

அப்படியானால் அன்னியப் பட்டாளம் போகாமலே இருக்க வேண்டுமா? ஒருக்காலும் இல்லை. போகத்தான் வேண்டும். அந்த மண்ணுக்கு அந்த மண்ணின் ஜனங்களே காவல் நிற்க வேண்டும். இதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் இனிமேல் எந்த நாட்டைப் பற்றியும் இந்தச் செய்தி வந்தால் நீங்கள் நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, அந்தப் படைக்குப் படியளப்பது யார்? சொந்த ஜனங்களின் வரியிலிருந்து வருகிறதா, அன்னியன் கஜானாவிலிருந்து வருகிறதா?

இரண்டு, அந்தப் படை தப்புச் செய்தால் யார் முன் நின்று பதில் சொல்லும்? ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையும் கோர்ட்டும் அதைக் கேட்க முடியுமா?

மூன்று, அதில் இருக்கிற பிள்ளை தானாக வந்தவனா, பிடித்துக் கொண்டுவரப்பட்டவனா?

நாலு, துப்பாக்கி கொடுத்தவன் போன மறுநாள் அந்தப் பிள்ளையின் உயிருக்கு யார் உத்தரவாதம்? எதிர்த்தரப்போடு பேசி அதற்கு ஒரு உடன்பாடு செய்தார்களா?

இந்த நாலுக்கும் பதில் இல்லாமல் துப்பாக்கியை மட்டும் கொடுத்தால் அது பொறுப்பை ஒப்படைப்பது ஆகாது. தான் தப்பிப் போவதற்கு அடுத்தவன் பிள்ளையைப் பாலமாகப் போடுவதுதான் அது. முதலில் அரசியல் தீர்வு. அதில் அந்த ஜனங்களின் கையெழுத்து. பிறகு சட்டத்துக்குக் கட்டுப்பட்ட போலீஸ். வரிசை இதுதான். வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 1987-ல் 13-வது திருத்தத்தில் எழுதப்பட்ட போலீஸ் அதிகாரம் ஒரு மாகாணத்துக்கும் போய்ச் சேரவில்லை. துப்பாக்கியைக் கொடுக்க ஆறு மாதம் போதுமாயிருந்தது. ஒரு தமிழ்த் தாய் தன் பாஷையில் புகார் எழுதிக் கொடுத்து நியாயம் கேட்கக்கூடிய, அவள் ஓட்டுக்குக் கட்டுப்பட்ட ஒரு போலீஸ் நிலையத்தைக் கொடுக்க எந்த சர்க்காருக்கும் மனம் வரவில்லை.

முடிக்குமுன் ஒன்று. இந்தக் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் 2020 ஜனவரியில் காவலுக்கு நின்ற ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தப் பகுதி ஜனங்கள் எவ்வளவு கலங்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். போலீசோடு நமக்கு ஆயிரம் வழக்கு இருக்கலாம். ஊர்வலத்தில் அடி வாங்கியவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். ஆனாலும் அவர் சாவுக்கு ஊர் அழுதது. நம் நடுவே பிறந்து, நாம் கேள்வி கேட்கக்கூடிய ஒரு சட்டத்தின் கீழ் நின்றவர் அவர். காவல் நிற்கிறவன் செத்தால் ஊர் அழ வேண்டும். ஊர் அழ முடியாத காவலுக்கு ஒரு பிள்ளையையும் அனுப்பக் கூடாது.

முகாமில் இருக்கிற அந்தத் தாயார் இங்கே வந்து முப்பது வருஷத்துக்கும் மேலாகிறது. அவர் பேரப்பிள்ளைகள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களைப் போன்றவர்களுக்கு இடமில்லை. முகாமின் பெயரை 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். நல்லது. ஆனால் பெயர் மாறினால் போதாது. கடல் கடந்து பட்டாளம் அனுப்பிய ஒரு தேசம், அந்தப் பட்டாளம் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளின் தாய்மாருக்குச் செய்ய வேண்டிய கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. அவர்கள் குடியுரிமை கேட்டு மனுக்கொடுக்கப் போகும்போது நீங்களும் கூடப் போக வேண்டும். வேலைத்தளத்தில் அவர்களுக்குக் கூலி குறைத்துக் கொடுத்தால் அந்த இடத்திலேயே தட்டிக் கேட்க வேண்டும்.

அந்த வாலிபத் தோழர் இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார். அவர் கேள்விக்கு என் பதில் இதுதான்: நாட்டுக்காரன் நாட்டைக் காப்பது நல்ல காரியம். ஆனால் காவல்காரனை வைக்கிற உரிமை விளைக்காரனுக்கு இருக்க வேண்டும்.